சதுப்பில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது, நிலம் தாழ்கிறது (முத்துராஜவெல, ஹமில்டன் கால்வாய்ப் பக்கம்)

#1 போப்பிட்டிய_வாசி

எல்லோருக்கும் வணக்கம். இதை வீட்டுத்தோட்டப் பகுதியில் போடுவதா, சூழல் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. மேலாளர்கள் இடம் மாற்றினாலும் சரி.

எங்கள் வீடு நிற்பது கடற்கரை மணல்மேட்டில். பின்காணி கிழக்கே சரிந்து, இலங்கையில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே உள்ள முத்துராஜவெலச் சதுப்போடு சேர்கிறது. அப்பப்பா காலத்துக் காணி. சதுப்பு ஓரத்தில் அம்மா கங்குன் கீரையும் கொஞ்சம் கொகிலவும் (சதுப்பில் வளரும் கறிச்செடி) போடுவார். அதற்கு அப்பால் கோரையும் ஆளுயரப் பன்னமும் (பெரணி)தான். நடுவில் ஒரு வடிகால், அது போய் ஹமில்டன் கால்வாயில் விழும்.

மூன்று வருடங்களுக்கு முன் பக்கத்துக் காணியில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கி அந்த வடிகாலை அகலமாக்கி ஆழமாக்கினார்கள். மழை வெள்ளம் சீக்கிரம் வடியும் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். வடிந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு தை, மாசி வந்தால் வடிகாலில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பௌர்ணமி நாட்களில் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரு வாழைச்சருகைப் போட்டால் அது காணிக்குள் வருகிறது. நாக்கில் வைத்தால் உப்பு.

இதெல்லாம் கவனித்தேன்:

கங்குன் இலை ஓரம் கருகி, பிறகு தண்டே செத்துவிட்டது. சேற்றில் காலை வைத்தால் அழுகின முட்டை மணம்.

முன்பெல்லாம் வடிகால் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். இப்போது தெளிவாக இருக்கிறது, அடியில் கிடக்கும் போத்தல் மூடி கூடத் தெரிகிறது. தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பின்வேலிக்குக் கொங்கிரீட் தூண் நட்டபோது மணல் தட்டும் வரை ஆழமாக இறக்கினோம். அப்போது நிலமட்டத்தில் அடித்த சிவப்புப் பெயின்ட் கோடு இப்போது நிலத்திலிருந்து நான்கு விரல் மேலே நிற்கிறது. தூண் எழும்பவில்லை, வேலி நேராகத்தான் இருக்கிறது. நிலம்தான் இறங்கியிருக்கிறது.

உப்பு ஏறினால் செடி சாகும், அது விளங்குகிறது. நிலம் ஏன் இறங்க வேண்டும்?

#2 ரொஸ்டொக்_மண்

தம்பி, நீங்கள் கவனித்த ஒவ்வொன்றும் ஒரே கதையின் துண்டுகள். நான் வட ஜேர்மனியில் பால்டிக் கரையோரச் சதுப்புகளில் மண் எடுத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், பிறந்தது வத்தளை. அதனால் இந்தக் கேள்வி நெஞ்சுக்குள் வந்து விழுந்தது.

உங்கள் பின்காணியில் இருப்பது சாதாரண மண் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'முற்றா நிலக்கரி' என்று படித்தோமே, அதுதான். பீட் என்றே எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும். வேரும் இலையும் தண்டும் தண்ணீருக்குள் விழுந்து, காற்று கிடைக்காததால் முழுதாக மக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தது. ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் பொதுவாக வளரும். அதாவது ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஏறத்தாழ ஆயிரம் வருடம். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கடையில் விற்கும் கோகோ பீட் கட்டியைத் தண்ணீரில் போட்டால் பொங்கி வருமே, காய்ந்தால் சுருங்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிலம் இறங்கும் விஷயம். முதலாவது, பெக்கோ. வடிகால் ஆழமானதும் பீட்டின் மேல்பகுதியில் இருந்த தண்ணீர் வடிந்துவிட்டது. தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்தது. காற்று புகுந்தால் ஆயிரம் வருடம் மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கும், கரியமில வாயுவாகப் பறந்துபோகும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851ல் ஒரு இரும்புத் தூணை நிலமட்டத்துக்குப் புதைத்தார்கள். பக்கத்து ஏரியை வற்றவைத்தார்கள். இன்று அந்தத் தூணின் தலை நிலத்துக்கு மேலே சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் பெயின்ட் கோடு அதன் சின்னத் தம்பி.

ஆனால் ஹோம் ஃபென்னில் உப்பு இல்லை. உங்களிடம் உப்பும் சேர்ந்திருக்கிறது, அது தனிக்கதை. இரவு எழுதுகிறேன்.

#3 கட்டட_மாமா

முப்பது வருடம் கட்டட வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, இரண்டு டிப்பர் கிரவல் கொட்டி நிரப்பிவிடுங்கள். நிலமும் உயரும், உப்பும் வராது. அந்தப் பக்கம் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதையையே அந்தச் சதுப்பை நிரப்பித்தானே போட்டார்கள், 2013லிருந்து ஓடுகிறது.

#4 ரொஸ்டொக்_மண்

மாமா, பாதை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் உப்பு.

கடல்நீரில் சோடியமும் குளோரைடும் மட்டும் இல்லை. ஒரு லீட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. நல்ல தண்ணீர்ச் சதுப்பில் அது மிகவும் குறைவு. இந்தச் சல்பேட்தான் ஆட்டத்தையே மாற்றுகிறது.

நமக்கு மூச்சுக்கு ஒட்சிசன். தண்ணீருக்கு அடியில் ஒட்சிசன் இல்லை, அதனால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் வேறு எதையாவது வைத்துத்தான் சுவாசிக்க வேண்டும். நல்ல தண்ணீர்ச் சதுப்பில் அவற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் மெதுவாக, சோம்பலாக, மீதேனை விட்டபடி வேலை செய்கின்றன. அந்தச் சோம்பல்தான் பீட்டைக் காப்பாற்றுகிறது. கடல்நீர் வந்ததும் சல்பேட் வந்துவிடுகிறது. சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் எழும்பிவிடுகின்றன. அவை விடும் வாயு ஐதரசன் சல்பைட். தம்பி சொன்ன அழுகின முட்டை மணம் அதுதான். வேருக்கு அது நஞ்சு. கங்குன் உப்பால் மட்டும் சாகவில்லை, காலடியில் நஞ்சும் வைத்தாயிற்று.

அப்புறம் அந்தத் தெளிந்த தண்ணீர். தேத்தண்ணி நிறம் பீட்டிலிருந்து கரைந்து வரும் பழுப்புச் சத்து. உப்பு பட்டதும் அது திரிந்து கட்டியாகி அடியில் படிந்துவிடும். ஊரில் கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டை உரசி விடுவார்களே, அதே மாதிரி. அதனால் அந்தத் தெளிவு சுத்தத்தின் அடையாளம் இல்லை, கடல் வந்துபோனதன் அடையாளம். வீட்டில் சொல்லுங்கள்.

கடைசியாக நிலம். பீட் நிற்பது வேரால். உயிருள்ள வேர் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு அந்தக் குழைந்த சேற்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வேர் செத்தால் வலை அறுந்தது. உள்ளே வெற்றிடம் அமுங்கும், நிலம் உட்காரும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸில் இதைக் கண்ணுக்கு நேரே பார்க்கலாம். அங்கே 1920களில் கடற்கரையை வெட்டிக் கால்வாய் தோண்டினார்கள், அது வழியாகக் கடல் உள்ளே போனது. கோரை மாதிரி ஒரு புல், அரத்தின் பல் போன்ற ஓரம் உள்ளது. அதன் தூர் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பீடத்தின் மேல் ஏறி நிற்பது போல் நிற்கும். புல் ஏறவில்லை. சுற்றியிருந்த பீட் இறங்கிவிட்டது, வேர்க்கட்டை வெளியே தெரிகிறது. தம்பி, உங்கள் பன்னத்தின் அடியைப் போய்ப் பாருங்கள்.

#5 போப்பிட்டிய_வாசி

அக்கா, காலையில் எழும்பியதும் போய்ப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. வடிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பன்னம் எல்லாம் வேர் தெரிய நிற்கிறது, கிட்டத்தட்ட ஒரு சாண். அடியில் கையை விட்டு மறுபக்கம் எடுக்கலாம். இருபதடி தள்ளி உள்ளே இருக்கும் பன்னத்துக்கு அப்படி இல்லை, சேறு தூரோடு ஒட்டியிருக்கிறது.

ஒரு பிடி சேறு எடுத்துப் பிழிந்தும் பார்த்தேன். உள்ளே இருக்கும் சேறு நார் நாராக இருக்கிறது, பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்து கையில் நார் மிஞ்சுகிறது. வடிகால் ஓரத்துச் சேறு விரல் இடுக்கால் களி மாதிரி வழிந்து போகிறது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

#6 நாஞ்சிலான்

நான் நாகர்கோவில்காரன். ஆலப்புழைப் பக்கம் பல வருடம் வேளாண் வேலையில் இருந்தேன். தம்பி எழுதியதைப் படித்ததும் கேரளத்துக் குட்டநாட்டுக் கரி நிலம்தான் நினைவுக்கு வந்தது.

கரி என்றால் நம் கரியேதான். மண் அத்தனை கருப்பு. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கரித்துப்போன மரத்துண்டே கிடைக்கும், ஒரு காலத்தில் காடாக இருந்து கடலுக்கடியில் போன இடம். கடல்மட்டத்துக்குக் கீழே வரப்பு கட்டி, பெட்டியும் பறையும் என்ற இறைப்புப் பொறி வைத்துத் தண்ணீர் இறைத்து நெல் போடுகிறார்கள். 2013ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபு என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அதை அங்கீகரித்தது.

ஆனால் கரிப் பாடசேகரத்தில் (வயல் தொகுதியில்) வேலை செய்த ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், முதலில் சொல்வது புளிப்பு. ரொஸ்டொக் அக்கா சல்பைட் பற்றிச் சொன்னார்கள் அல்லவா? அந்தச் சல்பைட் மண்ணில் இருக்கும் இரும்போடு சேர்ந்து அடியில் படிந்து கிடக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. வயலை வற்றவைத்து வெடிப்பு விட்டுவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிவிடும். அமிலகாரச் சுட்டெண் (pH) 3க்கும் கீழே போன கரி மண் உண்டு. எலுமிச்சைச் சாற்றுக்குக் கொஞ்சம்தான் மேலே. நெல்வேர் கருகிப்போகும். தண்ணீர் மேல் துருநிறத்தில் ஏடு படரும், கையால் தொட்டால் உடையும். அதைப் பார்த்தால் சிப்பிச் சுண்ணாம்பு மூட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அதனால் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. உப்பு ஏறிய இடத்தை 'காயவைத்துச் சரிசெய்யலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைக்குக் கடல் வைத்துவிட்டுப் போன கந்தகம், நாளைக்குக் காய்ந்தால் அமிலம்.

#7 கட்டட_மாமா

படித்தேன். என் அனுபவத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி மண்ணில் வேலை செய்திருக்கிறேன். நிரப்பினால் உடனே நிற்காது. கொட்டிய பாரத்துக்கு அடியில் பீட் பிழிந்து பிழிந்து வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பெரிய பாதைக்கு என்றால் முன்கூட்டியே பாரம் ஏற்றி, தண்ணீர் பிழிந்து வெளியேற வழிசெய்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கட்டும் என்று காத்திருந்து பிறகு போடுவார்கள். வீட்டுக்காரன் யார் அப்படிச் செய்கிறான்? நிரப்பி ஒரு வருடத்தில் சுவர் வெடித்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். டிப்பர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

#8 ரொஸ்டொக்_மண்

நன்றி மாமா. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிரப்பினால் அவர் காணியில் ஏறியிருக்க வேண்டிய மழைவெள்ளம் அடுத்தவர் காணிக்குப் போகிறது, நல்ல தண்ணீர் உள்ளே பரவும் வழியும் அடைபடுகிறது. முத்துராஜவெல செய்யும் வேலைகளில் பண மதிப்பில் மிகப் பெரியது வெள்ளத்தை ஏந்திக்கொள்வது என்று முன்பே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது நம் வீடுகளில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வத்தளைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

#9 ராலே_தமிழ்

வட கரோலினாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே ஆல்பமார்ல், பாம்லிகோ என்ற இரண்டு பெரிய களப்புகளுக்கு (காயல்களுக்கு) நடுவே ஒரு தீபகற்பம் இருக்கிறது. பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர்கூட உயரமில்லை. நிறைய இடத்தில் பீட். காட்டிலிருந்து அழிந்துபோய், கூண்டில் வளர்த்துத் திரும்ப விடப்பட்ட சிவப்பு ஓநாய் உலகத்திலேயே காட்டில் வாழ்வது அங்கேதான், அதைப் பார்க்கும் ஆசையில் போனேன். ஓநாயைக் காணவில்லை. செத்த காட்டைத்தான் கண்டேன்.

பாதையோரம் நேர்கோடாக வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் மைல்கணக்கில் மரங்கள் நின்றபடியே செத்து, பட்டை உரிந்து, எலும்பு மாதிரி வெளுத்து நிற்கின்றன. இங்கே பேய்க்காடு என்கிறார்கள். அடியில் மரக்கன்று ஒன்றும் இல்லை, உப்பு தாங்கும் புல்லும் புதரும்தான். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது சத்தம் இல்லாததுதான். காற்று அடிக்கிறது, சலசலக்க இலை இல்லை.

அலிகேட்டர் ரிவர் சரணாலயத்தில் 1985க்கும் 2019க்கும் இடையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த ஆய்வில், அங்கிருந்த காட்டில் 11 சதவீதம் இப்படிப் பேய்க்காடாகிவிட்டது. மெதுவாக, ஒரே சீராக நடக்கவில்லை. சில வருடம் வறட்சி, நல்ல தண்ணீர் இறங்கிப்போய் உப்பு ஏறிக் கிடந்தது. 2011ல் ஐரீன் புயல் வந்து கடலைக் காட்டுக்குள் தள்ளியது. அடுத்த வருடப் படத்திலேயே பெரும்பரப்பு செத்துக் கிடந்தது.

தம்பி கேட்டதோடு நேரடியாகச் சேர்வது அந்த வாய்க்கால்தான். விவசாயத்துக்கும் மரம் வெட்டவும் தண்ணீரை வடிக்க என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஏற்றவற்றம் மிகக் குறைவு, காற்றுத்தான் களப்புத் தண்ணீரைத் தள்ளும். காற்று ஒரு பக்கமாக இரண்டு நாள் அடித்தால் போதும், வடிக்க வெட்டிய வாய்க்கால் உப்பைக் கொண்டுபோகும் குழாயாகிவிடும். கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வயலில்கூட வெள்ளைப் பொருக்கு.

இப்போது சில இடங்களில் வாய்க்கால் வாயில் ஒருவழிக் கதவு வைக்கிறார்கள். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். இன்னும் உள்ளே பலகைத் தடுப்பு. மழைத் தண்ணீரைப் பலகை உயரத்துக்கு நிறுத்திவைத்தால் பீட்டும் நனைந்திருக்கும், உப்பும் ஏற இடமில்லை.

#10 சூழல்_மாணவன்

ஒரு சந்தேகம். சதுப்புகள் மீதேன் விடுகின்றன, மீதேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பம் ஏற்றும். சல்பேட் வந்தால் மீதேன் விடும் நுண்ணுயிர்கள் பின்தங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் கடலை உள்ளே விடுவது காலநிலைக்கு நல்லதுதானே? ஜேர்மனியிலேயே கரையை உடைத்துக் கடலை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

#11 ரொஸ்டொக்_மண்

நல்ல கேள்வி, இந்த இடத்தில் நிதானமாகப் போவோம்.

கேள்விப்பட்டது சரி. றூகன் தீவில் டிராமென்டோர்ஃப் என்ற இடத்தில் 2019 நவம்பரில் கரையை அகற்றிப் பால்டிக் கடலை உள்ளே விட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது? கரை கட்டி, வடித்து, காய்ந்து, தாழ்ந்துபோன மேய்ச்சல்நிலம். ஒவ்வொரு வருடமும் மக்கி, கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருந்த பீட். அதை எந்தத் தண்ணீராலாவது மூட வேண்டும், கடல் பக்கத்தில் இருந்தது. நல்ல தண்ணீரால் மூடியிருந்தால் தொடக்கத்தில் மீதேன் பெருகியிருக்கும், பால்டிக் நீர் வந்ததால் அது குறைவாக இருந்தது. அது உண்மையான லாபம். கூடவே முதல் வருடம் மண்ணில் வருடக்கணக்கில் சேர்ந்த உரச்சத்து கரைந்து கடலுக்குப் போனதும் உண்மை. உப்பு வந்து மண்ணில் ஒட்டியிருக்கும் அமோனியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். தம்பி, உங்கள் வடிகாலில் முதல் வருடம் பச்சைப் பாசி பொங்கியிருக்குமே?

முத்துராஜவெலவில் நல்ல தண்ணீரில் வளர்ந்த, இன்னும் உயிரோடிருக்கும் பகுதி வேறு. அங்கே உப்பை விட்டால் வளர்ந்துகொண்டிருக்கும் பீட்டின் வேரை அறுக்கிறீர்கள். மீதேன் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கடல்நீரின் பாதி அளவு உப்பைத் தாண்டினால்தான் மீதேன் நிச்சயமாகக் குறைகிறது. லேசான உப்பில் அப்படிச் சொல்ல முடியாது, நல்ல தண்ணீரைவிடக் கூடுதலாக மீதேன் விட்ட இடங்களும் உண்டு. தம்பியின் காணியில் வருவது மாசியில் உப்பு, வைகாசியில் நல்ல தண்ணீர், திரும்ப உப்பு. இந்த மாறி மாறி வருவதுதான் எந்தச் செடிக்கும் பிடிக்காதது. உப்புச் செடியும் நிலைக்காது, நல்ல தண்ணீர்ச் செடியும் நிலைக்காது. வெறும் சேறு மிஞ்சும்.

உலகத்தின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது. அதை மீதேன் ஒன்றை மட்டும் வைத்து எடைபோட்டால் தவறிவிடுவோம்.

#12 களப்புக்காரன்

நான் நீர்கொழும்பு. அப்பா, தாத்தா எல்லோரும் களப்பில் தொழில் செய்தவர்கள். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருவழிக் கதவு, தடுப்பு என்று பேச்சு போவதால் எழுதுகிறேன்.

உப்பை எதிரியாக மட்டும் பார்க்காதீர்கள். இறால் குஞ்சு கடலிலிருந்துதான் முகத்துவாரம் வழியாகக் களப்புக்குள் வருகிறது. வளர்ந்து திரும்பக் கடலுக்குப் போகிறது. சதுப்பின் வடக்குப் பக்கம், களப்போடு சேரும் இடத்தில் கண்டல் (அலையாத்தி மரம்) நிற்கிறது. அது உப்போடு பிறந்து உப்போடு வளர்வது, அதன் காலடியிலும் பீட் சேர்கிறது. அங்கே உப்பு நின்றுவிட்டால் எங்கள் பாடு முடிந்தது. தெற்கே களனிப் பக்கம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். இரண்டும் சேர்ந்ததுதான் முத்துராஜவெல.

எங்கள் பெரியவர்கள் சொல்வது: தண்டுகம் ஓயா (களப்பில் விழும் ஆறு) தண்ணீர் தராவிட்டால் களப்பு கசக்கும், கடல் தண்ணீர் வராவிட்டால் களப்பு நாறும்.

#13 நாஞ்சிலான்

களப்புக்கார அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, அதற்குச் சாட்சி குட்டநாட்டை ஒட்டிய வேம்பநாட்டுக் காயல். கோடையில் உப்பு குட்டநாட்டுக்குள் வரக்கூடாது, இரண்டாவது போகம் எடுக்கலாம் என்று 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி முடித்தார்கள். உப்பு நின்றது. ஆனால் உப்பு வந்து ஆகாயத்தாமரையைக் கொன்றுவிட்டுப் போகும் வேலையும் நின்றது. தண்ணீர் ஓடாமல் கிடந்தது, உரமும் மருந்தும் தேங்கின. கறுப்புக் கக்கா (சிப்பி) வாரியவர்களுக்கும் இறால் பிடித்தவர்களுக்கும் பெருத்த அடி. கதவை எப்போது திறப்பது என்று ஒவ்வொரு வருடமும் விவசாயிக்கும் மீனவருக்கும் இடையே வாக்குவாதம், நானே அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. யாரைக் குறை சொல்வது?

#14 சரித்திர_வாசகன்

பெயரைக் கவனித்தீர்களா? சிங்களத்தில் வெல என்றால் வயல். முத்துராஜவெல பெயரிலேயே வயலாகத்தான் இருக்கிறது. கோட்டை இராச்சியத்து அரசர்கள் காலத்தில் அங்கே நெல் விளைந்தது. பிறகு ஐரோப்பியர் காலத்தில் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே படகுப் போக்குவரத்துக்கு வெட்டிய கால்வாய் வழியாக, கடல் ஏறும்போதெல்லாம் உப்புநீர் வயலுக்குள் வந்தது. நெல் போனது. பிரித்தானியர் வந்து 1802ல் தொடங்கி 1804ல் முடித்ததுதான் ஹமில்டன் கால்வாய். கவின் ஹமில்டன் என்ற வருவாய் அதிகாரியின் பெயர். அந்தக் கால்வாய் வெட்டியதன் நோக்கமே சதுப்பிலிருந்து உப்புத் தண்ணீரை வெளியே கொண்டுபோவதுதான். வயல் திரும்பி வரவில்லை. இருநூறு வருடம் கழித்துத் தம்பியின் காணிக்குள் உப்பு வருவது அதே கால்வாய் வழியாக.

ஒல்லாந்தர் நாட்டிலும் இதே மண்ணோடு ஒரு பழைய கதை உண்டு. அங்கே ஸேலாந்துக் கரையில் கடல்நீர் ஊறிய பீட்டை வெட்டி எடுத்து, காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து உப்பு காய்ச்சினார்கள். நல்ல வருமானம். ஆனால் வெட்ட வெட்ட நிலம் தாழ்ந்தது, கரைக்குப் பக்கத்திலும் வெட்டினார்கள். 1421 நவம்பரில் புனித எலிசபெத் வெள்ளம் என்று பெயர்பெற்ற கடல்வெள்ளம் வந்தபோது ஒல்லாந்தின் தெற்கே பெரிய விளைநிலப் பரப்பே தண்ணீருக்குள் போய்விட்டது. கவனிக்காத கரைகளும், உப்புக்காகத் தோண்டித் தாழ்த்திய நிலமும் அதற்குக் காரணம் என்கிறார்கள். பிறகு ஒரு பகுதியைத்தான் திரும்ப வயலாக்கினார்கள். மிஞ்சியது இன்று பீஸ்போஸ் என்ற நீர்க்காடு.

#15 கட்டட_மாமா

தம்பி, உங்கள் வடிகால் வாய் எத்தனை அடி அகலம்? இரண்டு பக்கமும் கொங்கிரீட்டில் தவாளிப்பு (பலகை இறங்கும் பள்ளம்) வைத்து, தடித்த பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குகிற மாதிரிச் செய்யலாம். ஆறு அங்குலப் பலகையாக வைத்தால் ஒவ்வொன்றாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஒருவழிக் கதவைவிடச் செலவு குறைவு, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துக் காணிக்காரரோடு பேசாமல் செய்யாதீர்கள், சரணாலய எல்லை எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 1996ல் வடபகுதியைச் சரணாலயமாக்கியிருக்கிறார்கள். உள்ளே என்றால் அனுமதி இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது.

#16 போப்பிட்டிய_வாசி

எல்லோருக்கும் நன்றி. மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்ன பாசி உண்மை. முதல் வருடம் வடிகால் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. அதை நாங்கள் சவர்க்காரத் தண்ணீரால் வந்தது என்று நினைத்திருந்தோம்.

எங்கள் காணி எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, வரைபடம் எடுத்துப் பார்த்துவிட்டேன். பக்கத்துக் காணிக்காரரை முதலில் இந்த இழையில் உள்ளதைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியவில்லை. வெள்ளம் தேங்கும் என்று பயந்தார். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பன்னத்தின் அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது. அவருடைய கிணற்றுச் சுவருக்கும் நிலத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்திருப்பதை அப்போதுதான் காட்டினார். பலகைச் செலவில் பாதி அவர் தந்தார்.

மாமா சொன்னபடி தவாளிப்பு வைத்தோம். வைகாசி மழை தொடங்கியதும் மூன்று பலகை. பலகைக்கு உள்ளே தண்ணீர் ஒரு கிழமையில் நிரம்பி மேலாக வழிந்தது. பத்துப் பதினைந்து நாளில் நிறம் திரும்பத் தொடங்கியது. முதலில் லேசான மஞ்சள், இப்போது தேத்தண்ணி. அம்மா ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறார்.

பெயின்ட் கோடு அதே நான்கு விரல்தான். இரண்டு இடத்தில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன், வடிகால் ஓரத்தில் ஒன்று, உள்ளே ஒன்று.

ஒரு கேள்வி மிச்சம். களப்புக்கார அண்ணா, பலகை வைத்தால் மீன் ஏறாதே?

#17 களப்புக்காரன்

தம்பி, உங்கள் வடிகால் சின்னது, அது முட்டுச்சந்து மாதிரி உங்கள் காணியோடு நின்றுவிடுகிறது. அதில் பலகை வைத்தால் களப்புக்கு ஒன்றும் ஆகாது. பெரிய கால்வாய்களை அடைக்க வந்தால்தான் நாங்கள் சண்டைக்கு வருவோம். மழைத் தண்ணீர் நிறைந்து வழியும் காலத்தில் மேல்பலகையை இரவில் ஒருமுறை எடுத்துவிடுங்கள், உள்ளே அகப்பட்ட குஞ்சு வெளியே போய்விடும். மார்கழி பிறந்ததும் திரும்ப இறக்கிவிடுங்கள், தை மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வருடம் மழை முன்கூட்டி விட்டால் உப்பும் முன்கூட்டி வரும்.

#18 ரொஸ்டொக்_மண்

கங்குனை வடிகால் ஓரத்தில் இந்த வருடம் நட வேண்டாம், உள்ளே இருபதடி தள்ளி நடச் சொல்லுங்கள். ஓரத்தில் கோரையைத் தானாக வரவிடுங்கள். அதன் வேர்தான் அங்கே முதலில் வேண்டும். அந்த இரண்டு புதிய கோட்டின் அளவையும் அடுத்த பங்குனியில் இங்கே போடுங்கள், நானும் பார்க்க வேண்டும்.

#19 போப்பிட்டிய_வாசி

சரி அக்கா. போடுகிறேன்.